புலி வந்தபோது ஓடியவர்

லாபிஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், இன்னாருடைய மகள் வந்திருக்கிறாள் என்று என் அப்பாவின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். யாருக்கும் தெரியாது. "ஓடுனவர் வீட்டுப் பொண்ணு" என்று சொல்லுங்கள். உடனே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் இரண்டு பேர் சிரிப்பார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. உலு திராமில் சொந்த வீடு இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் நாற்பது பேரை மேய்க்கும் சூப்பர்வைசர் வேலை இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். ஆனாலும் அந்தக் கோயில் வாசலில் கால் வைத்தால் நான் ஓடுனவர் வீட்டுப் பெண், அவ்வளவுதான்.

கதை இதுதான். தோட்டம் வருவதற்கு முன்னால் அங்கே முழுக்கக் காடு. அதை வெட்டித் திருத்த ஒரு கங்காணி முதல் கூட்டத்தைக் கப்பலேற்றிக் கூட்டிக்கொண்டு வந்தார். கங்காணி என்றால் ஊரில் ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவந்து வேலை வாங்குகிறவர். வந்தவர்கள் மூங்கிலும் அத்தாப்பு ஓலையும் வைத்து நீளமாக ஒரே ஒரு லயம் கட்டி, எல்லாரும் அதிலேயே படுத்தார்கள். அங்கே ஒரு புலி பழகிவிட்டது. இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போனது. மூன்றாவது தடவை பட்டப்பகலில் லயத்துக்கே வந்தது. கங்காணி துப்பாக்கியோடு வாசலை மறித்து நின்றார். உள்ளே பெண்களும் பிள்ளைகளும் அலறிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரே ஒரு ஆள் மட்டும் பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டான். கங்காணி தனி ஆளாகப் புலியைச் சுட்டுத் தள்ளி, அதே இடத்தில் அம்மனுக்குக் கோயில் கட்டினார். ஓடிப்போன அந்த ஆள் என் அப்பாவின் தாத்தா.

இதைக் கதையாகச் சொல்வதோடு விட்டிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்கே விட்டார்கள்! திருவிழாவின் இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாடு முடிந்ததும், இதை நடித்துக் காட்டுவது அந்தக் கோயிலின் வழக்கம். ஒரு வாலிபன் உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்பும் பூசிக்கொண்டு புலியாக வருவான். கங்காணி வீட்டு ஆண்பிள்ளை தலைப்பாகை கட்டி, மரத் துப்பாக்கியோடு நிற்பார். எங்கள் வீட்டு ஆண்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் உடம்போடு, கோயில் பின்பக்கத்திலிருந்து ஓட வேண்டும். செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண் பாதையில் ஓடைப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். அவருக்குப் பின்னாலேயே மூங்கில் கழிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பையன்கள் ஆடிக்கொண்டு வருவார்கள். அவர்கள் எதற்கு என்று கேட்டால், காட்டைக் காட்டுவதற்கு என்பார்கள்.

ஓடியவர் திரும்பி வந்தவுடன்தான் கூத்தே. பிள்ளைகள் தண்ணீரோடு தயாராக நிற்பார்கள். என் சின்ன வயதில் வாளித் தண்ணீர். அப்புறம் பிளாஸ்டிக் பையில் கட்டிய தண்ணீர். கடைசியில் குழாயையே இழுத்துவந்து முகத்தில் அடித்தார்கள். "ஓடுனவரே, ஓடுனவரே, புலி போயிருச்சு வாங்க!" என்று கூச்சல். அதன்பிறகு வெடி வெடிக்கும், புலி விழும். கங்காணி வீட்டாருக்குப் பூசாரி தலையில் பரிவட்டம் கட்டி, கோயிலின் முதல் மரியாதையைக் கொடுப்பார்.

என் அப்பா நாற்பது வருடம் ஓடினார். அவருக்கு முன்னால் தாத்தா. அப்பா லாரி ஓட்டுநர், கனத்த உடம்பு. சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்கு வருவார், துவட்டிக்கொள்வார், சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். ஒரு வருடம் எனக்குப் பொறுக்கவில்லை. பதினோரு வயதிருக்கும், தண்ணீர் ஊற்றிய ஒரு பையன் மேல் கல்லை விட்டெறிந்தேன். நெற்றி கிழிந்தது. அப்பா என்னை வாழ்நாளில் ஒரே தடவைதான் அடித்தார், அது அன்றைக்குத்தான். "சாமி காரியம், வாய மூடு" என்றார். அதற்குப் பிறகு அந்த ஓட்டத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கங்காணியைப் பற்றியே ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. காட்டை ஜெயித்த வீரர், அவர் இல்லை என்றால் நாம் இல்லை என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மனுஷனா அவன், கையில் ரோத்தான் பிரம்பு இல்லாமல் ஒரு நாள் நடந்ததில்லை, எங்கள் கொள்ளுத்தாத்தா சாகிறவரைக்கும் முதுகில் தழும்போடு படுத்தார் என்று சொல்லும் குடும்பங்கள். கோயிலுக்கென்று வாட்சாப் குழு ஒன்று இருக்கிறது. திருவிழா நெருங்கினால் அதில் இந்தச் சண்டை கிளம்பிவிடும், நாலு பேர் குழுவை விட்டே வெளியேறுவார்கள். கங்காணி வீரரா கொடுமைக்காரரா என்று இன்றைக்கு வரைக்கும் முடிவாகவில்லை. எங்கள் ஆள் கோழை என்பதில் மட்டும் என்ன ஒரு ஒற்றுமை!

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கால் விழுந்தது. பேச்சும் இழுத்தது. என்னோடு உலு திராமுக்குக் கூட்டிவந்துவிட்டேன். ஓட்டம் இரண்டு வருடம் நின்றது. சரி, பீடை ஒழிந்தது என்று நினைத்தேன். போன வருடம் கோயில் தலைவர் போன் செய்தார். அவர் கங்காணியின் கொள்ளுப்பேரன், லாபிஸ் டவுனில் காய்கறி மொத்தக் கடை வைத்திருப்பவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

"தங்கச்சி, இந்த வருஷம் கும்பாபிஷேகம். புது மண்டபம் தொறக்கிறோம். ஓட்டத்த விட்டுறக் கூடாது லா. ஒங்களுக்குப் பையன் இல்லன்னு தெரியும். மருமகன் யாராச்சும்?"

"மகளே இன்னும் படிக்கிறா, மருமகனுக்கு நான் எங்க போறது?"

"சரி, யோசிங்க. மண்டப வாசல்ல கல்வெட்டு வைக்கிறோம், கோயில் வரலாறு முழுசா. வாசகம் அனுப்பறேன், பாருங்க."

அனுப்பினார். படித்தேன். கங்காணிக்கு எட்டு வரி. நடுவில் ஒரு வரி: "உடனிருந்த ஒருவன் உயிருக்கு அஞ்சி ஓடிவிட." எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. உடனே போனைப் போட்டுக் கத்தினேன். கத்தினேன் என்றால் சும்மா இல்லை, எங்கள் தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வரலாறு லா அது. நாம மாத்த முடியுமா? ஆதாரம் இருந்தாக் கொண்டாங்க, மாத்துறேன். ஆறு வாரத்துல கல்லு வெட்டக் குடுக்கணும்" என்றார்.

நான் கத்தியதை அப்பா கேட்டுவிட்டார். சக்கர நாற்காலியை இடது காலால் உந்திக்கொண்டே கூடத்துக்கு வந்தார். "எ... என்னா கல்லு?" என்றார். மறைக்க முடியவில்லை, சொன்னேன். "கல்லுலயா எழுதப் போறாங்க?" என்று கேட்டார். தண்ணீர் காய்ந்துவிடும். கல் அப்படியா? அவர் செத்த பிறகும், நான் செத்த பிறகும், என் மகளுடைய பிள்ளைகள் கோயிலுக்குப் போய் அதைத்தான் படிக்கும். அந்த வரி கல்லில் ஏறக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எப்படித் தடுப்பது என்றுதான் தெரியவில்லை.

மகள் ஜொகூர் பாருவில் வரலாறு படிக்கிறாள். அந்த வாரக் கடைசியில் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். நான் சட்டி கழுவிக்கொண்டே மனதுக்குள் தலைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கட்டுரை, அமெரிக்காவில் ஆரம்ப காலத்தில் காட்டுக்குள் வழி கண்டுபிடித்துப் போன எல்லைப்புறத்து ஆட்களைப் பற்றி. வேட்டைக்காரர்கள், வழிகாட்டிகள், ஊர் அமைத்தவர்கள். அவர்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள் என்று விவாதிக்க வேண்டுமாம்.

"அம்மா, இதக் கேளுங்களேன். மொதல்ல இவங்களப் பத்திப் புத்தகம் போட்டாங்க. கரடியக் கொன்னாரு, காட்டையே ஜெயிச்சாருன்னு. படிக்கிறவங்களுக்குப் பத்தலன்னு இன்னும் ரெண்டு கரடியச் சேத்துக்கிட்டாங்க. ரொம்ப காலம் கழிச்சு வந்தவங்க, இல்லல்ல, இவங்க நெலத்தப் புடுங்குனவங்க, ஆளக் கொன்னவங்கன்னு எழுதறாங்க. அங்க இருந்த பூர்வகுடிகளோட ஒருத்தர் சமாதானமாப் போனா, அவரு கோழை, துரோகின்னு சொந்த ஆளுங்களே பேசியிருக்காங்க."

"அப்ப எதுதான் உண்மையாம்?"

"அதான் தெரியல. இந்தப் பக்கம் எழுதினதும் வெள்ளக்காரங்க, அந்தப் பக்கம் எழுதினதும் பெரும்பாலும் வெள்ளக்காரங்க. அந்தக் காட்டுல ஏற்கெனவே இருந்தவங்ககிட்ட ரொம்ப நாளைக்கு யாருமே கேக்கல."

சட்டி கையிலிருந்து தொட்டிக்குள் நழுவியது. "நம்ம காட்டுல யாரு இருந்தாங்க?" என்றேன்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஒராங் அஸ்லி, இங்கத்தப் பூர்வகுடிங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் கம்பம் இருக்குல்ல?"

இருக்கிறது. கம்பம் என்றால் கிராமம். நான் பிறந்த லயத்திலிருந்து பார்த்தால் அந்தக் கம்பத்துத் தென்னை மரங்கள் தெரியும். அங்கிருந்து காட்டுத் தேனும் பெத்தாய்க் காயும் கொண்டுவந்து விற்பார்கள், வாங்குவோம். விலை பேசியிருக்கிறோமே தவிர, உங்களுக்கு ஒரு புலிக் கதை தெரியுமா என்று எங்களில் ஒரு ஆள் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் மகளைக் காரை ஓட்டச் சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

கம்பத்தில் இப்போது தார் ரோடும் கல்வீடுகளும் வந்துவிட்டன. முகப்பில் ஒரு சின்ன மளிகைக் கடை. கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். ஊர்த் தலைவரின் தங்கை என்று சொன்னார். மலாயில்தான் பேசினோம். ஓடைக்கு அந்தப் பக்கத் தோட்டத்திலிருந்து வருகிறேன், பழைய காலத்தில் அங்கே ஒரு புலி வந்ததாமே, உங்கள் ஆட்கள் அதைப் பற்றி ஏதாவது சொல்வார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. இங்கேயும் சிரிப்பா என்று பட்டது.

"புலியா வந்த ஆளு கதையா?" என்றார். "அதச் சொல்லித்தான் எங்க பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டுவோம்."

"புலியா வந்த ஆளா?"

"ஆமா. ஒங்க ஆளு ஒருத்தரு. கருப்பா, ஒல்லியா. ஓடைய நீந்தி, முள்ளுல கிழிஞ்சு, காலெல்லாம் ரத்தத்தோட எங்க முத்தத்துல வந்து விழுந்தாராம். அவருக்கு மலாயும் தெரியாது, எங்க பேச்சும் தெரியாது. என்ன கேட்டாலும் முழிக்கிறாராம். கடைசியில கையையும் காலையும் ஊணிக்கிட்டு, புலி மாதிரி உறுமி, தரையப் பிறாண்டிக் காட்டினாராம். பிள்ளைங்கல்லாம் பைத்தியம்னு பயந்து ஓடிருச்சுங்க. அப்புறம் இப்படிப் பண்ணினாராம்." அவர் இரண்டு கைகளையும் மடித்துக் குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டினார். "உள்ள பிள்ளைங்க இருக்குன்னு. அப்பத்தான் புரிஞ்சுச்சாம். ஏழு பேரு மூங்கில் ஈட்டிய எடுத்துக்கிட்டு அவருகூட ஓடினாங்க. எங்க தாத்தாவோட அப்பாவும் அதுல ஒருத்தர்."

"அலமாக்!" என்றாள் என் மகள்.

"அங்க போய்ப் பாத்தா, வாசல்ல ஒரு ஆளு நிக்கிறாரு. கையில துப்பாக்கி. ஆனா கட்டைய மேல வச்சு, குழாயப் புடிச்சுக்கிட்டு, உலக்க மாதிரி ஓங்கிக்கிட்டு நிக்கிறாராம். புலி சுத்திச் சுத்தி வருது. அவரு நகரவே இல்ல. எங்க ஆளுங்க ஈட்டியால குத்திச் சாய்ச்சாங்க. புலி செத்த பிறகும் அந்த மனுஷன் துப்பாக்கிய விடல. வெரலு வெரலாப் பிரிச்சு எடுத்தாங்களாம்."

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. "ஒங்க பொம்பளைங்க அழுதுகிட்டே ஒரு குடத்துல மஞ்சத் தண்ணி கொண்டாந்து, அந்த ஓடி வந்த ஆளு காலுல ஊத்துனாங்களாம். எங்க ஆளுங்க காலுலயும் ஊத்துனாங்க. எதுக்குன்னு தெரியாம எங்க ஆளுங்க பயந்துட்டாங்க. ரெண்டு நாளைக்குக் காலு மஞ்சளாவே இருந்துச்சாம்."

காவடி எடுத்து வருகிறவர் காலில், கரகம் சுமந்து வருகிறவர் காலில், நாம் என்ன ஊற்றுகிறோம்? மஞ்சள் தண்ணீர். கும்பிட்டு ஊற்றுகிறோம். என் அப்பாவின் முகத்தில் நாற்பது வருடம் அடித்தார்களே, அந்தத் தண்ணீர் முதலில் காலுக்கு ஊற்றிய தண்ணீர்! யாரோ ஒரு வருடம் மஞ்சளை மறந்திருக்கிறார்கள். யாரோ ஒரு வருடம் காலுக்குப் பதிலாகத் தலையில் ஊற்றிச் சிரித்திருக்கிறார்கள். சிரிப்பு வந்த பிறகு, சிரிப்புக்கு ஏற்ற மாதிரி கதையையும் திருத்திக்கொண்டார்கள். மூங்கிலோடு ஆடிவரும் பையன்களும் காடு இல்லை, காப்பாற்ற வந்த ஆட்கள். அட கடவுளே, ஓடியவர் எதற்காகத் திரும்பி வருகிறார் என்று ஒருத்தர்கூட, நான்கூட, கேட்கவில்லையே!

கடையில் வைத்தே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பயந்து எனக்கு ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து கொடுத்தார். ஏன் எங்கள் திருவிழாவுக்கு நீங்கள் வருவதில்லை என்று கேட்டேன். "முன்னாடி எங்க ஆளுங்கதான் மூங்கில் தூக்கிட்டு வருவாங்கன்னு சொல்வாங்க. அப்புறம் நீங்க கூப்பிடல" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

நேராக லாபிஸ் டவுனுக்குப் போகச் சொன்னேன். கோயில் தலைவர் கடையில் முட்டைக்கோஸ் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கடைக்குள் உட்கார வைத்து, ஒரு வரி விடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது.

"தங்கச்சி, அவங்க வாய்க்கு வந்ததச் சொல்வாங்க. அத நம்பி எங்க பாட்டனப் பொய்க்காரன் ஆக்கச் சொல்றீங்களா?"

"மஞ்சத் தண்ணி அவங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே? எத்தன வருஷமா அவங்க நம்ம கோயில் பக்கமே வரல. நம்ம பிள்ளைங்களே இப்ப மஞ்சள் போடுறதில்ல. இல்லாத ஒண்ண எப்படிக் கட்டி விடுவாங்க?"

நான் விடவில்லை. "மூங்கில் பையனுங்க எதுக்கு வர்றாங்க? நீங்களே சொல்லுங்க. ஓடுன ஆளு எதுக்குத் திரும்பி வர்றாரு? பயந்து ஓடுனவன் புலி இருக்கிற எடத்துக்கா திரும்பி வருவான்?"

அவர் எழுந்து போய்க் கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். மறுபடி உட்காரும்போது ஆளே சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தார்.

"எங்கப்பா சாகறதுக்கு மொத வாரம் என்கிட்ட சொன்னாரு. துப்பாக்கி வெடிக்கலடான்னு. வேற ஒண்ணும் சொல்லல. நான் யாருகிட்டயும் மூச்சு விடல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏற்கெனவே பாதி ஊரு எங்களக் கொடுமக்காரக் குடும்பம்னு பேசுது. எங்க பாட்டன் அடிச்சாருதான், எனக்குத் தெரியாதா? எங்களுக்குன்னு இருக்கறது அந்தப் புலி ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டு நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கோயில்ல நிக்கறது?"

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகிவிட்டது. சண்டை போடத்தான் போனேன், ஆனால் அந்த இடத்தில் சண்டை வரவில்லை. "அண்ணே, வெடிக்கற துப்பாக்கிய வச்சுக்கிட்டு யாரு வேணும்னாலும் நிப்பாங்க. வெடிக்காத துப்பாக்கிய உலக்க மாதிரி புடிச்சுக்கிட்டு நின்னாரே, அது லேசா? அடிச்சதும் அவர்தான். நின்னதும் அவர்தான். ரெண்டையும் வச்சுக்குங்க. பொய்ய மட்டும் விட்டுருங்க."

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில், "ஓட ஆளு வேணுமே. யாரு ஓடுவா?" என்றார்.

"நான்தான்."

"பொம்பளையா?"

"ஏன், புலி பொம்பளைங்கள விட்டுருமா?"

சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே முட்டிவலியின் ஞாபகமும் வந்தது.

கோயில் கமிட்டியில் சண்டை இல்லாமலா? மூன்று கூட்டம் போட்டார்கள். கல்வெட்டிலிருந்து கோழையும் போனான், வீரரும் போனார். "கங்காணி வாசலில் நின்றார். ஒருவர் ஓடிச் சென்று ஓடைக்கு அப்பாலிருந்த மக்களை அழைத்து வந்தார். அவர்கள் காப்பாற்றினார்கள்" என்று மூன்றே வாக்கியம். பிரம்படியைப் பற்றிக் கல்லில் ஒரு வார்த்தை கிடையாது. தழும்புக்காரக் குடும்பங்கள் அதற்காக இன்னும் முணுமுணுக்கின்றன, அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தச் சண்டையை அடுத்து நான் எடுக்கப்போகிறேன் என்று தலைவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

திருவிழாவின் இரண்டாம் நாள். கம்பத்திலிருந்து இரண்டு வேனில் வந்திருந்தார்கள். கடைக்காரப் பெண் நல்ல பாஜு கூரோங் போட்டுக்கொண்டு, முன்வரிசையில் என் அப்பாவின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலைவர் கங்காணி வேஷத்திலேயே ஒலிபெருக்கியைப் பிடித்து, முழுக் கதையையும் தமிழிலும் மலாயிலும் சொன்னார். "எங்க பாட்டன் புலியச் சுடல" என்று அவர் சொன்னபோது, மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் நிறுத்தாமல் மீதியையும் சொன்னார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உறுமி மேளம் முழங்கியது. புலி பாய்ந்தது. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன்.

வெயில் என்றால் வெயில். செம்பனை மரங்களுக்கு நடுவே நூறு அடி போவதற்குள் மூச்சு வாங்கியது. கோயில் பக்கமிருந்து கத்திக்கொண்டே இருந்தார்கள். எனக்கு மனதுக்குள் ஒரு கெத்து, ஒரு வெறி. இந்த மண்ணில்தானே அவர் ஓடினார், இந்த வழியில்தானே! பாலத்தில் கம்பத்துப் பையன்கள் நிஜமான மூங்கில் ஈட்டிகளோடு காத்திருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து திரும்பினேன். கோயில் தெரியத் தொடங்கிய இடத்தில் பார்க்கிறேன், எங்கள் தோட்டத்துப் பெண்கள் பாதையின் இரண்டு பக்கமும் குடத்தோடு நிற்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கையில் மட்டும் பழக்கதோஷத்தில் தண்ணீர்ப் பை. எறிவதா வேண்டாமா என்று ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன.

தலைவர் மரத் துப்பாக்கியைத் தரையில் வைத்தார். ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு வந்து, குனிந்து, என் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். மூங்கில் தூக்கிவந்த பையன்கள் காலிலும் ஊற்றினார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் குடத்தோடு நேராக என் அப்பாவிடம் போனார். தலைப்பாகையைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து, அப்பாவின் செருப்பைக் கழற்றி, உணர்வில்லாத அந்த வலது காலை ஒரு கையில் ஏந்திக்கொண்டு ஊற்றினார். பெண்கள் குலவை போட்டார்கள். என்னுடைய குலவைதான் எல்லாருக்கும் மேலே கேட்டது என்று மகள் இன்றைக்கும் கேலி செய்கிறாள். செய்யட்டும். ஜெயித்துவிட்டேன், நாங்கள் ஜெயித்துவிட்டோம், அதை ஏன் மெதுவாகச் சொல்ல வேண்டும்?

சாயங்காலம் மகள் காரை ஓட்ட, அப்பாவை முன்னால் உட்கார வைத்து வீட்டுக்குக் கிளம்பினோம். நான் பின்சீட்டில் முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். யொங் பெங் தாண்டியதும் அப்பா தலையைத் திருப்பாமலே பேசினார்.

"பாதி வழியில ஒரு வளைவு வருதுல்ல. அதத் தாண்டினா கோயில்லேருந்து யாருக்கும் தெரியாது."

"ஆமாப்பா."

"அங்க நீ நடந்தியா?"

பொய் சொல்ல வாய் வந்தது. சின்ன வயதில் அவரிடம் வாங்கிய அடி ஞாபகம் வந்ததோ என்னவோ, சொல்லவில்லை. "கொஞ்ச தூரம் நடந்தேன்பா. மூச்சு முட்டிருச்சு."

"எல்லாரும் நடப்பாங்கன்னுதான் நெனப்பாங்க. நான் அங்க ஒக்காந்து சிகரெட் புடிச்சுட்டு வர்றேன்னுகூட பேசுனாங்க." வார்த்தைகளை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துச் சொன்னார். "நாப்பது வருஷத்துல நான் ஒரு தடவகூட அங்க நடந்ததில்ல."

"யாரும் பாக்கலயேப்பா. எதுக்கு ஓடுனீங்க?"

"உள்ள பிள்ளைங்க இருந்துச்சே" என்றார் அப்பா.